ஆட்டிடம் சொல்லி அளந்த கரை

என் அப்பா என்னோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்தார் என்றால் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை பேசிக்கொண்டேதான் இருந்தார். எல்லாம் என்னைப் பற்றித்தான், என் காதில் விழுகிற மாதிரிதான். ஆனால் சொல்வது அம்மாவிடம்.

"உன் மகளுக்குச் சோறு போடு."

"உன் மகள் ஃபேனை அணைக்காமப் போயிட்டா."

"உன் மகள்கிட்ட கேளு, என் சிவப்பு மையை யாரு எடுத்துக் குடிக்கிறதுன்னு."

நான் நாலடி தள்ளி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருப்பேன். அம்மா என் பக்கம் திரும்பி, "அப்பா கேக்குறாங்க, மையை எடுத்தியா?" என்பாள். "எடுக்கலைன்னு சொல்லு" என்பேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பி, "எடுக்கலையாம்" என்பாள். "பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லு" என்பார் அப்பா. அம்மா மறுபடி என் பக்கம் திரும்புவாள். கோரிப்பாளையம் சந்திப்பில் நின்று கையைக் காட்டும் போலீஸ்காரருக்குக்கூட அவ்வளவு திரும்பல் இருந்திருக்காது. எங்கள் வீடு அந்தச் சந்திப்பிலிருந்து இரண்டு சந்து உள்ளே. ஆக, அந்த வட்டாரத்தில் போக்குவரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்.

மையை எடுத்தது நான்தான். அதற்கு வருகிறேன்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். நான் விலங்கியல் முடித்த வருஷம் அதே பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் காலியானது. அப்பா தாளாளரை மூன்று முறை போய்ப் பார்த்து, ஏறக்குறைய முடித்துவைத்துவிட்டார். மகளும் தானும் ஒரே மணிச் சத்தத்துக்கு எழுந்து ஒரே வாசல் வழியாகப் போய்வருவதாக அவருக்கு ஒரு கனவு. நான் அந்தக் கனவில் மண்ணள்ளிப் போட்டேன். ஆனையூரில் ஒரு வாடகை வீட்டில் புதிதாகத் தொடங்கியிருந்த சின்ன நிறுவனம் ஒன்றில், கிராமம் கிராமமாகப் போய் மழைத் தண்ணீரைத் தேக்கிவைப்பது பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். எண்பதுகளின் தொடக்கம் அது. அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. அப்பா கடைசியாக என்னிடம் நேராகச் சொன்னது இதுதான்: "காடு காடா அலையுறதுக்கா உன்னைய பி.எஸ்ஸி. படிக்க வச்சேன்?" அதற்குப் பிறகு அம்மாதான்.

நிறுவனத்தின் இயக்குநர் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை இன்ஜினியர். நல்ல மனிதர், ஆனால் எதையும் தேதி வைத்துத்தான் சொல்வார். என்னைச் சேர்க்கும்போது என் சான்றிதழ்களைப் புரட்டியவர் ஒன்றில் மட்டும் நின்றார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அந்தச் சான்றிதழை நான் ஏன் கொண்டுபோனேன் என்று இன்றைக்கும் நொந்துகொள்கிறேன்.

"ஒரு ஊர்ல, ஒரே ஒரு எடத்துல கரை போட்டுக் காட்டும்மா. ஐப்பசி மழைக்கு அது நிக்கணும். நின்னா நீ ஃபீல்டு. நிக்கலைன்னா ஆபீஸ்ல டைப்ரைட்டர் சும்மாதான் இருக்கு, அதுல உக்காந்துரு."

டைப்ரைட்டரில் உட்காருவதில் எனக்கு ஒன்றும் கேவலமில்லை. ஆனால் உட்கார்ந்த அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் என்ன சொல்வார் என்பது எனக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். அதைக் கேட்பதற்குப் பதில் வைகையில் விழலாம். அதில் விழுவதற்கும் தண்ணீர் இல்லை.

எனக்குக் கொடுத்த ஊர் சமயநல்லூருக்கு மேற்கே இருந்தது. சமயநல்லூர்வரை பஸ். அங்கே ஒரு டீக்கடைக்குப் பின்னால் நிறுத்திவைத்திருந்த ஆபீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் மிதிக்க வேண்டும். ஊரில் என்னை எடுத்த எடுப்பிலேயே "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். எந்த வேலை வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டேனோ அதே பெயர் சைக்கிளில் அரை மணி நேரம் மிதித்துப் போன இடத்தில் காத்திருந்தது. இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

முதல் கூட்டத்துக்கு இரண்டு தகரத் தட்டு கொண்டுபோனேன். ஒன்றில் வெறும் மண். இன்னொன்றில் மண்ணுக்குக் குறுக்கே சின்னச் சின்ன வரப்பு. இரண்டையும் சாய்த்து வைத்து, பூவாளியால் தண்ணீர் ஊற்றினால், முதல் தட்டில் மண் கரைந்து ஓடும். இரண்டாவதில் தண்ணீர் நின்று உள்ளே இறங்கும். ஆபீசில் ஒத்திகை பார்த்தபோது கைதட்டினார்கள். ஊரில் ஒரு நாற்பது பேர் பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் மட்டும் எழுந்து கேட்டார்:

"டீச்சர், இந்தத் தட்டு யாரு பேருல பட்டா?"

ஊரே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. தட்டு ஒரே ஆளுடையது. குறுக்கே எங்கே வேண்டுமானாலும் வரப்புப் போடலாம். நிலம் அப்படியா?

அலைந்து திரிந்து ஒரு மேட்டுக்காட்டைத் தேர்ந்தெடுத்தேன். சரிவான நிலம். மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். சரிவின் அடியில் ஒரு கூட்டுக் கிணறு, பங்குனிக்கே வற்றிப்போகும். சரிவுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் மண்கரை போட்டால் தண்ணீர் தேங்கி, நிலத்துக்குள் இறங்கி, கிணற்றுக்கு வரும். என் தட்டில் இருந்த மாதிரியே இடம். ஒரே ஒரு வித்தியாசம், அது அண்ணன் தம்பி இரண்டு பேருடையது. பாகம் பிரிக்கும்போது மேலிருந்து கீழாக நீளவாக்கில் கிழித்து ஆளுக்கு ஒரு நாடா எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு வரப்பு. வரப்பு என்றால் சும்மா இல்லை, முழங்கால் உயரம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஈரல். குலசாமி கோயில் கெடா வெட்டில் தம்பிதான் பந்தி பரிமாறியிருக்கிறார். அண்ணன் இலையில் ஈரல் விழவில்லை. அண்ணன் எழுந்து போய்விட்டார். தம்பி தரப்பில் கேட்டால், "தீந்துபோச்சு டீச்சர், நான் என்ன வயித்தைக் கிழிச்சா குடுக்க முடியும்?" என்கிறார். அண்ணனிடம் கேட்டால், "அவன் மச்சான் இலையில மட்டும் எப்பிடித் தீராம இருந்துச்சு?" என்கிறார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் செத்த ஆட்டுக்கு இத்தனை சாட்சி.

ஒரு ஆள் மட்டும் கரை போட்டால் பிரயோஜனம் இல்லை. பாதிக் கரையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் போய்விடும். ஆகையால் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக நடந்தேன். அண்ணன் வீட்டில் மோர் குடித்தால் தம்பி வீட்டிலும் மோர் குடிக்க வேண்டும். அண்ணன் வீட்டு அக்கா மதியம் சோறு போட்டுவிட்டால் செத்தேன், தம்பி வீட்டு அக்கா அதற்கு மேல் ஒரு கரண்டி போட்டே ஆவாள். அந்த ஆடி ஆவணியில் நான் ஐந்து கிலோ ஏறினேன். "காட்டுல அலைஞ்சா எளைக்கணும், உன் மகள் ஊதுறா. என்ன வேலைதான் பாக்குறான்னு கேளு" என்றார் அப்பா அம்மாவிடம்.

கடைசியில் இரண்டு பேரும் சம்மதித்தார்கள். சம்மதத்தோடு ஆளுக்கு ஒரு நிபந்தனை. இரண்டும் ஒரே நிபந்தனைதான்: "அவன் காலு என் காட்டுல படக் கூடாது."

கரை போடுமுன் மட்டம் பார்க்க வேண்டும். கரை நெடுகிலும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் தண்ணீர் பரவி நிற்கும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் எல்லாம் அங்கே ஓடிப் போய் முட்டி, கரையை உடைத்துவிடும். அதற்கு எங்களிடம் இருந்த கருவி ஒரு அறுபதடி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டியூப். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, அதுதான். டியூப்பில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் அளவுக்கோடு போட்ட இரண்டு கம்பில் கட்டி, ஆளுக்கு ஒன்றாகப் பிடிக்க வேண்டும். இரண்டு கம்பிலும் தண்ணீர் ஒரே எண்ணில் நின்றால் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள் என்று பொருள். வெயிலில் வெறும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அப்பாவின் சிவப்பு மை. பரீட்சைத் தாள் திருத்த வைத்திருந்த புட்டியிலிருந்து, டியூப்பை நிரப்பும்போதெல்லாம் நாலு சொட்டு.

அண்ணன் தன் காட்டில் ஒரு கம்போடு அசையாமல் நின்றார். தம்பி தன் காட்டில் மறு கம்போடு மேலும் கீழும் நகர்ந்து சரியான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டியூப் நடுவரப்பின் மேல் ஏறி இறங்கிக் கிடந்தது. அதன் பக்கத்தில் நான். அண்ணன் தன் கம்பில் எந்த எண் என்று சொல்ல வேண்டும், தம்பி தன் எண்ணைச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் அறுபதடிகூட இல்லை. ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும்.

"இருபத்தஞ்சுன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார் அண்ணன்.

நான் தம்பி பக்கம் திரும்பி, "இருபத்தஞ்சாம் அண்ணே" என்றேன்.

"எனக்கு இருவத்திரெண்டுன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார் தம்பி.

நான் திரும்பினேன். "இருபத்திரெண்டாம்."

"அப்பன்னா கீழ வரச் சொல்லுங்க."

"எம்புட்டுக் கீழன்னு கேளுங்க டீச்சர்."

பத்து நிமிஷத்தில் எனக்குக் கழுத்து சுளுக்கிவிட்டது. அரை மணி நேரத்தில் தொண்டை போய்விட்டது. அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது, நான் எங்கள் அம்மாவாக மாறியிருக்கிறேன் என்று. அந்த எண்ணம் வந்ததும் கண்மண் தெரியாத கோபம் வந்தது. "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல? நான் இனிமே வாயைத் தொறக்க மாட்டேன். என்னமும் பண்ணுங்க!" என்று கத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

வரப்பில் அண்ணனுடைய வெள்ளாடு ஒன்று கட்டியிருந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார். ஆட்டைப் பார்த்தார்.

"ஏ ஆடே, இன்னும் ரெண்டு வெரக்கடை கீழ எறங்கச் சொல்லு."

தம்பியும் ஆட்டைப் பார்த்தார். "எறங்கியாச்சுன்னு சொல்லு ஆடே. இப்ப எம்புட்டுன்னு கேளு."

"இருவத்தி மூணு."

"எனக்கும் இருவத்தி மூணுதான் ஆடே."

ஆடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து அசைபோட்டது. என்னைவிட நன்றாகவே அந்த வேலையைச் செய்தது. கழுத்தும் சுளுக்கவில்லை. நான் படித்த விலங்கியலுக்கு ஒரு உபயோகம் வந்துவிட்டது என்று கையில் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு, ஆடு முடித்துவைத்த இடத்திலெல்லாம் கோடு போட்டேன். சாயங்காலத்துக்குள் மூன்று கோடும் முடிந்தது.

முடிந்ததும் அண்ணன் கோட்டைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். "ஆடே, இந்தக் கோட்டுல தண்ணி நிக்காது. அந்தப் பக்கம் சாஞ்சு கெடக்குன்னு டீச்சர்கிட்ட சொல்லு" என்றார். தம்பி, "எனக்கும் அப்பிடித்தான் தெரியுதுன்னு சொல்லு" என்றார்.

பதினொரு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அதுவும் எனக்கு எதிராக. நான் விடுவேனா? கண் ஏமாற்றும், தண்ணீர் ஏமாற்றாது, டியூப் சொல்வதுதான் கணக்கு என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். அப்பா கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார். அண்ணனும் தம்பியும் கேட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக வெட்டி, புரட்டாசி பிறக்கும்போது கரையை எழுப்பி முடித்தார்கள்.

புரட்டாசியில் ஒரு நாள் திடீரென்று ஒரு மழை. முக்கால் மணி நேரம்தான். நான் மறுநாள் போய்ப் பார்த்தபோது மூன்று கரையும் தம்பி பக்கத்தில் உடைந்திருந்தன. மூன்றுமே. தண்ணீர் எல்லாம் அந்த முனைக்கே ஓடி, தம்பி விதைத்திருந்த கம்புப் பயிரையும் அரித்துக்கொண்டு போயிருந்தது.

அண்ணன் ஆட்டிடம், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். அதைத் தாங்கிக்கொள்ளலாம். தம்பி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"என் பக்கம் தண்ணியத் தள்ளிவிட டீச்சருக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு கேளு ஆடே. ரெண்டு வீட்டுலயும் குடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா மொத மோரு எந்த வீட்டு மோருன்னு எனக்குத் தெரியும்."

சைக்கிளில் திரும்பி வரும்போது அழுதுகொண்டே வந்தேன். டியூப்பைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தேன். ஐப்பசிக்கு இன்னும் மூன்று வாரம். கண்ணுக்கு முன்னால் டைப்ரைட்டர் தெரிந்தது. அதற்குப் பின்னால் அப்பா தெரிந்தார்.

அது சனிக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் டியூப்பில் தண்ணீரும் மையும் நிரப்பினேன். எங்கள் வீட்டில் முன்னறையிலிருந்து கொல்லைத் தாழ்வாரம்வரை சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, அதன் மேல் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். கட்டின கொத்தனார் மட்டம் பார்த்துப் போட்ட கோடு. டியூப்பின் ஒரு முனையை முன்னறையிலும் மறு முனையைக் கொல்லையிலும் அந்தக் கோட்டருகே பிடித்தால் டியூப் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். கொல்லையில் நான் நின்றேன். முன்னறையில் பிடிக்க ஆள் வேண்டும். முன்னறையில் இருந்தது அப்பா, நாற்காலியில், செய்தித்தாளோடு. நடுவில் அடுப்படி. அடுப்படியில் அம்மா, மீன் குழம்போடு.

"அம்மா, அந்த முனையைக் கொஞ்சம் பிடிக்க முடியுமான்னு அப்பாகிட்ட கேளும்மா."

அம்மா கேட்டாள். பிறகு செய்தித்தாள் மடிக்கிற சத்தம். "எங்க பிடிக்கணும்னு கேளு."

"கறுப்புக் கோட்டுகிட்ட பிடிக்கச் சொல்லும்மா."

"பிடிச்சாச்சுன்னு சொல்லு."

"தண்ணி கோட்டுக்கு மேலயா கீழயான்னு கேளு."

"கோட்டுக்கு மேல ரெண்டு விரல்னு சொல்லு."

எனக்குக் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல். "சரியாப் பாக்கச் சொல்லும்மா!" என்றேன்.

"நான் இருபத்தாறு வருஷமா அளவு எடுக்கச் சொல்லிக்குடுக்கிறவன். உன் மகளை ஒழுங்காப் பாக்கச் சொல்லு!"

"அப்பா டியூப்பைச் சாய்ச்சுப் பிடிச்சிருப்பாங்க, நேராப் பிடிக்கச் சொல்லும்மா!"

"சாய்ச்சுப் பிடிக்கிற வழக்கம் எனக்கு இல்லைன்னு சொல்லு!"

அம்மா கரண்டியோடு முன்னறை வாசலுக்கும் கொல்லை வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். திடீரென்று கரண்டி தரையில் விழுகிற சத்தம். எங்கள் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். பக்கத்து வீட்டு பாய் வீட்டிலும் கேட்டிருப்பார்கள்.

"எட்டு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் அல்லாடுறேன்! குழம்பு அடிபிடிச்சுப்போச்சு! இனிமே அப்பாகிட்ட சொல்லு, மககிட்ட சொல்லுன்னு யாராச்சும் வாயத் தொறந்தீங்க, நான் எங்க அக்கா வீட்டுக்கு போறேன். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, இந்தா, நிலைப்படி மேல நடுவுல காத்து நிக்குது. அது ஒருத்தர் கண்ணுக்காச்சும் தெரியுதா?"

அப்பா முன்னறையிலிருந்து வந்தார். நான் கொல்லையிலிருந்து வந்தேன். அடுப்படி நிலைப்படியின் மேல் டியூப் ஏறி இறங்குகிற இடத்தில், சிவப்புத் தண்ணீருக்கு நடுவே, கட்டைவிரல் நீளத்துக்குச் சிவப்பே இல்லை. காற்றுக்குமிழ். அது நடுவில் இருந்தால் இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று பொய் சொல்லும்.

காட்டிலும் அந்த டியூப் நடுவரப்பின் மேல் ஏறித்தான் இறங்கியது. குமிழ் அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். நாள் முழுக்க அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான், ஆட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு.

அப்பா குமிழைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா திரும்பிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

"மக்கு! காத்தை வெளியேத்தாம யாராச்சும் அளப்பாங்களா? எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும்!"

எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்கென்று நேராக வந்த முதல் வார்த்தை "மக்கு". எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடிபிடித்த குழம்பை மூன்று பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம். ஞாயிறு ராத்திரி, திங்கட்கிழமைக்காக என் பையை எடுத்துவைத்தபோது அதில் ஒரு புதிய சிவப்பு மைப் புட்டி இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காட்டுக்குப் போனேன். அண்ணன் தன் பக்கம், தம்பி தன் பக்கம், இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும். யாரிடம் முதலில் கேட்பது? அண்ணனிடம் முதலில் கேட்டால் மோர்க் கதை உறுதியாகிவிடும். தம்பியிடம் முதலில் கேட்டால் மூத்தவரை மதிக்கவில்லை என்றாகும். நான் நேராக ஆட்டிடம் போனேன்.

"ஏ ஆடே, ரெண்டு அண்ணங்ககிட்டயும் சொல்லு. தப்பு என்னோடதுதான். டியூப்ல காத்து இருந்துச்சு, நான் பாக்கலை. அவங்க ரெண்டு பேரு கண்ணும்தான் சரி. இன்னொரு தடவை அளக்க விடச் சொல்லு."

தம்பி சிரித்துவிட்டார். "ஆடே, டீச்சரு நம்ம ஊரு ஆளாயிட்டாகன்னு சொல்லு" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் கம்பை எடுத்துக்கொண்டார்.

இந்த முறை இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துச் சரிபார்த்தேன். வரப்பின் மேல் டியூப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். புதுக்கோடு பழைய கோட்டிலிருந்து ஒரு முழம் விலகிப் போனது. பத்து நாளில் உடைந்ததை வெட்டி, புதிதாகக் கரை எழுப்பினோம். நானும் மண் சுமந்தேன். வேறு வழி? நின்று பார்க்க முகம் வேண்டுமே.

ஐப்பசி முதல் வாரத்தில் அடைமழை பிடித்தது. பஸ்ஸில் ஏறும்போதே நனைந்துவிட்டேன். சமயநல்லூரிலிருந்து சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. கரை போயிருக்கும் என்றே நினைத்தேன். இயக்குநரிடம் சொல்ல வேண்டியதையும் ஒத்திகை பார்த்துவிட்டேன்.

மேட்டுக்காட்டுக்கு வந்தபோது சாக்குப்பையை மடித்துத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு அண்ணன் கரையின் ஒரு முனையில் நின்றார். தம்பி மறு முனையில். நடுவில் தண்ணீர். ஓடாத தண்ணீர். மூன்று கரைக்குப் பின்னாலும் விரித்துப் போட்ட மாதிரி நின்றது. நான் சைக்கிளோடு ஒரு பனைமரத்தடியில் ஒதுங்கிப் பார்த்தேன்.

அண்ணனுக்குத் தன் பக்கம் தெரிகிறது. மழையில் அந்தப் பக்கம் சரியாகத் தெரியவில்லை. தன் பக்கம் நிற்கிற அளவே அங்கேயும் நிற்கிறதா, இல்லை அங்கே முட்டிக்கொண்டு உடைக்கப் பார்க்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். அவர் ஆட்டைப் பார்க்கத் திரும்பினார். வரப்பில் ஆடு இல்லை. மழை என்று கொட்டிலில் கட்டிவிட்டார்கள். என்னைத் தேடினார். நான் இன்னும் பனைமரத்தடியில் சைக்கிளோடு நின்றிருந்தேன், அவர் கண்ணில் படவில்லை. அவர் இப்படியும் அப்படியும் ஒரு முறை பார்த்தார். பிறகு வாயில் கையைக் குவித்தார்.

"டேய்! அங்கிட்டு எம்புட்டுடா நிக்குது?"

தம்பி நிமிர்ந்தார். அவரும் ஆட்டைத் தேடினார். இல்லை.

"முழங்காலுக்கு நிக்குதுண்ணே! உங்களுக்கு?"

"எனக்கும் முழங்கால்தாண்டா!"

அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு பேரும் ஏதோ கெட்ட காரியம் செய்துவிட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வாரம் வெயில் வந்தது, ஆடும் வரப்புக்குத் திரும்பி வந்துவிட்டது. பேச்சும் ஆட்டிடமே போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. அவசரத்துக்கு வழி இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கும் டைப்ரைட்டர் இல்லை, ஃபீல்டுதான். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் ஃபீல்டுதான்.

அந்த மழை நாள் சாயங்காலம் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தேன். முன்னறையில் அப்பா காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"தலையைத் துவட்டு. சளி பிடிச்சுச் சாகவா இம்புட்டு நனைஞ்சே?" என்றார். குமிழ் விவகாரத்துக்குப் பிறகு திட்டு எல்லாம் எனக்கு நேராகவே வந்துகொண்டிருந்தது, குறைவில்லாமல். "அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கா. குடையைக் கொடுத்து நான்தான் அனுப்பினேன். சோறு மூடி வச்சிருக்கு."

தலையைத் துவட்டிக்கொண்டே, "கரை நின்னுருச்சுப்பா" என்றேன்.

அவர் நிமிரவில்லை. இரண்டு தாள் திருத்தினார். பேனாவை மூடி வைத்தார். அப்புறம் அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பி, சத்தமாகச் சொன்னார்:

"இந்தா, உன் மகள்கிட்ட சொல்லு. நல்ல வேலை பாத்திருக்கா. இந்த எட்டு மாசம் தப்பு என் பேருலதான்னு சொல்லு."

அடுப்படியில் விளக்குகூட எரியவில்லை. நானும் அந்த இருட்டுப் பக்கமே திரும்பினேன்.

"கேட்டுருச்சுன்னு அப்பாகிட்ட சொல்லும்மா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.